வலப்பக்க நிரல்

பாம்பு வளர்ப்பது நாய் வளர்ப்பதைவிடச் சுலபமான வேலை. குரைக்காது, வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை, பத்து நாளைக்கு ஓர் எலி கொடுத்தால் போதும். அதற்கு வேண்டியதெல்லாம் சரியான சூடு ஒன்றுதான். பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். பாம்பு எதற்கு நடுங்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. முப்பத்தைந்து பாகைக்கு நடுங்கும்.

இந்த வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்று அனுமதி தந்ததற்கு நன்றி ஐயா. மொழிபெயர்க்க வந்த மயூரி நல்ல பிள்ளைதான். ஆனால் இங்கே பிறந்த பிள்ளை. பாம்புப் பெட்டிக்குக் கீழே போடும் சூட்டு விரிப்பை உங்களுக்குக் கம்பளி என்று சொல்லிக்கொண்டிருந்தது. இந்த விஷயத்தில் பிழை வரக் கூடாது. எழுதினால் அந்தப் பிள்ளையும் ஆறுதலாக இருந்து மொழிபெயர்க்கலாம்.

என் பெயர் கிளடிஸ். வயது ஐம்பத்திரண்டு. ஸ்காபரோவில், மல்வேர்ன் பகுதியில் ஒரு தொடர்மாடியில், பதினோராம் மாடியில், மூன்று அறை வீடு. கணவர் பஸ்ரியன் ட்ரக் ஓட்டுகிறார். வினிபெக் பக்கம் போனால் ஐந்தாறு நாள் கழித்துத்தான் வீடு வருவார். நான் பதினெட்டு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். எங்கள் ஒரே மகன் றொய்சனுக்கு இருபத்துநான்கு வயது. இரண்டு வருடத்துக்கு முன் கல்கரிக்குப் போய்விட்டான். போகும்போது தன் பாம்பை விட்டுவிட்டுப் போனான். அது 'போல் பைதன்' என்ற இனம், நஞ்சில்லாதது. பயந்தால் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அதனால் பன்னிரண்டு வயதில் அவன் அதற்கு முறுக்கு என்று பெயர் வைத்தான்.

வீட்டில் இருந்த மற்ற ஆள் என் மாமா, பஸ்ரியனின் அப்பா. பெயர் றொபேட். ஊர்காவற்றுறையில் தபாலதிபராக இருந்தவர். எழுபத்தொன்பது வயது. அவர் இறந்ததைப் பற்றித்தான் நான் எழுதவேண்டும். ஆனால் முதலில் சூட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு மற்றது விளங்காது.

பாம்புக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. அதனால் கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கத்தை முப்பத்தொரு பாகையில் வைக்கவேண்டும், மற்றப் பக்கத்தை இருபத்தாறில். குளிர்ந்தால் அந்தப் பக்கம் போகும், சுட்டால் இந்தப் பக்கம் வரும். குளிர்காலத்தில் இது பெரிய வேலை இல்லை, விரிப்பை மின்சாரத்தில் மாட்டிவிட்டால் சரி. கோடையில்தான் வில்லங்கம். அறையே சூடாகிவிட்டால் அதற்கு ஒதுங்க இடம் இல்லை. நான் யூன் மாதமே விரிப்பைக் கழற்றிவிடுவேன். பெட்டியின் மேல் வலையில் பாதியை ஈரத்துணியால் மூடுவேன். தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து, துவாயில் சுற்றி, கண்ணாடிக்கு வெளியே சாத்திவைப்பேன். உள்ளே வைக்கக் கூடாது. ஏசிக் காற்று நேரே படவும் கூடாது. இவ்வளவும் றொய்சன் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துவிட்டுப் போனது. எனக்கு என்று எழுதியது அந்த ஒரு தாள்தான்.

எங்கள் கட்டடத்தில் பழைய வயரிங். ஒரு வீட்டுக்கு ஓர் ஏசிதான் விடுவார்கள். எங்களிடம் இருந்தது சில்லுப் பூட்டிய, தள்ளிக்கொண்டு போகக்கூடிய ஏசி. குளிர் முன்னால் வரும். சூடு பின்னால் ஒரு தடித்த குழாயால் யன்னலுக்கு வெளியே போகும். ஏசி சூட்டை அழிப்பதில்லை ஐயா, ஓர் இடத்தில் எடுத்து இன்னோர் இடத்தில் கொட்டுகிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது.

அந்த ஏசி றொய்சனின் அறையில், முறுக்குக்காக நின்றது. மாமா அதைக் கேட்கவும் இல்லை. அவருக்கு ஏசி என்றாலே ஆகாது.

"உந்தக் காத்து எலும்புக்கை போகும் பிள்ளை. ஊரிலை ஆர் ஏசி பூட்டினது? நாங்கள் என்ன செத்தே போனம்?"

இதை அவர் வீட்டில் மட்டும் சொல்லவில்லை. பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் சொல்வார். கீழ்வீட்டு றோசலின் அன்ரிக்கு லிஃப்ற்றில் வைத்துச் சொல்வார். பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருக்கும் சீனக் கிழவிக்குக்கூடச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஏசி ஆகாது என்பது ஸ்காபரோவில் பாதிப் பேருக்குத் தெரியும்.

இனி மகனைப் பற்றி. றொய்சன் என்னோடு பேசுவதில்லை. போய் மூன்று கிழமைக்குப் பிறகு ஒரே ஒரு செய்தி வந்தது: முறுக்கு எப்படி. நான் பெட்டியில் இருக்கும் வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் கட்டைவிரல் ஒன்று அனுப்பினான். அதிலிருந்து காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் நான் படம் அனுப்புவேன், அவன் விரல் அனுப்புவான். ஏறக்குறைய எழுநூறு நாள். வேறு ஏதாவது எழுதினால் பதில் வராது. ஒருமுறை சாப்பிட்டியா என்று கேட்டேன். நாலு நாள் விரல் இல்லை. பிறகு நான் கேட்கவில்லை. அந்தப் பாம்பு உயிரோடு, சரியான சூட்டில் இருக்கும்வரைக்கும் எனக்கு ஒரு மகன் இருக்கிறான். அது இல்லையென்றால் அவனும் இல்லை. என் நிலைமை இவ்வளவுதான்.

அவனைப் போகவைத்தது மாமா. அதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. அதற்கு முதல் அவன் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். எத்தனை மணிக்குப் போகிறான், எத்தனை மணிக்கு வருகிறான் என்று எனக்குத் தெரியும். பாம்பின் சூட்டை எழுதும் அதே கொப்பியின் முன்பக்கங்களில் எழுதியிருக்கிறேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவனுடைய கைப்பேசி எங்கே நிற்கிறது என்று என்னுடையதில் பார்க்கலாம். கொலிஜில் புள்ளி குறைந்தபோது நானே போய் வாத்தியாரைக் கண்டு கதைத்தேன். ஒரு தாய் இதைச் செய்யாமல் வேறு யார் செய்வது? ஒருநாள் சாப்பாட்டு மேசையில், அவனுக்கு முன்னால், மாமா சொன்னார்.

"அவனை விடு பிள்ளை. கொஞ்சம் மூச்சு விடட்டும்."

என்னுடைய வீட்டில், நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு. எனக்கு வந்த கோபத்தில் அகப்பையைத் தூக்க முடியவில்லை. மூன்று மாதத்தில் கட்டில் வெறுமையாக இருந்தது. மாமா கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "அவன் பிழைச்சுக்கொள்ளுவான்" என்றார். அவன் போவதற்கு முதல் நாளே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் அந்த இரவு குறட்டை விட்டு நித்திரை கொண்டவர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதை எழுதும்போதும் பேனையை அழுத்துகிறேன். தாள் கிழிந்திருந்தால் மன்னிக்கவும்.

யூலை மாதம் அந்த வெக்கை தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. நான் வேலையில் நின்றேன். எங்கள் இல்லத்தில் அப்படியான நாட்களில் அறைக்கு அறை சூட்டை மூன்று தரம் அளந்து எழுதவேண்டும். இருபத்தாறைத் தாண்டினால் முதியவர்களைக் குளிர்ந்த மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அரை மணிக்கு ஒருதரம் ஜூஸ் கொடுக்கவேண்டும். சலம் போவதற்கு, உடம்பில் நீரைக் குறைக்கும் குளிசை எடுப்பவர்களை இரட்டிப்பாகக் கவனிக்கவேண்டும். நான் இதில் கெட்டிக்காரி. என் பொறுப்பில் ஒருவர்கூட வெக்கையில் விழுந்ததில்லை.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தால் ஏசி நின்றிருந்தது. றொய்சனின் அறை யன்னல் திறந்திருந்தது. வெப்பமானியில் முப்பத்தாறு தசம் நாலு. முறுக்கு முழு உடம்பையும் தண்ணீர்ச் சட்டிக்குள் திணித்து, தலையை மட்டும் மேலே நீட்டி, வாயைத் திறந்தபடி இருந்தது. பாம்பு வாயைத் திறந்து மூச்சு எடுத்தால் அதற்கு அதிக நேரம் இல்லை என்று அர்த்தம்.

"சத்தம் தாங்கேலாமல் நான்தான் நிப்பாட்டினன்," என்றார் மாமா. "பாம்புக்கென்ன, வெய்யிலுக்கை கிடக்கிற சீவன்தானே."

இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இரண்டு மணித்தியாலத்தில் இருபத்தொன்பதுக்குக் கொண்டுவந்தேன். ஏழு மணிக்குப் படம் அனுப்பினேன். அந்த மானியில் அன்றைய உச்சமும் மூலையில் தெரியும். மறைத்திருக்கலாம். வெப்பமானியில் பொய் சொல்வது என் பழக்கம் இல்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக மகன் எனக்கு வசனமாக எழுதினான். 'அம்மா, ஆர் யூ சீரியஸ்? இன்னொருக்கா நடந்தால் அஜாக்ஸில இருக்கிற என்ரை ஃபிரெண்ட் ஸ்டெபனி வந்து முறுக்கை எடுத்துக்கொண்டு போவாள். ஏசியை அங்கேயே வையுங்கோ.' அப்பப்பாதான் நிறுத்தினார் என்று எழுதினேன். பதில் இல்லை. அடுத்த நாள் காலை விரலும் வரவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. சாப்பிடும்போது மாமாவிடம் அமைதியாகவே சொன்னேன், இனி அந்த அறைக்குள் போகவேண்டாம் என்று. அவர் சிரித்தார்.

"ஒரு பாம்புக்கு இவ்வளவு நடப்போ?" என்றார். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "பெடியனையும் உப்பிடித்தானே பெட்டிக்குள்ளை வைச்சு வளர்த்தனி" என்றார்.

நான் கோப்பைகளைக் கழுவினேன். சட்டியையும் கழுவினேன். பிறகு வேலையிடத்துக்கு ஃபோன் அடித்து அடுத்த நாள் சுகமில்லை என்று சொன்னேன். புதன்கிழமை காலை ஹார்ட்வேர் கடை திறந்தவுடன் போய் எட்டடிக் குழாய் ஒன்றும் வெள்ளி நிற ஒட்டுநாடா ஒரு சுருளும் வாங்கினேன். ரசீது இந்தத் தாள்களோடு குத்தியிருக்கிறது.

புதன்கிழமை வெளியே முப்பத்தாறு. ஈரப்பதத்தோடு நாற்பத்துநாலு என்று வானொலியில் சொன்னார்கள். பஸ்ரியன் வினிபெக்கைத் தாண்டிவிட்டார். மாமாவுக்குப் புட்டும் சம்பலும் கொடுத்தேன், பிறகு குளிசைகள். அதில் ஒன்று சலக் குளிசை. இப்படியான நாட்களில் எங்கள் இல்லத்து நேர்ஸ் வைத்தியரைக் கேட்டு அதை நிறுத்திவைப்பார். நான் நேர்ஸ் இல்லை. என்னிடம் ஒருவரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. கொடுத்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் வழக்கம்போல் படுத்தார். அவருடைய அறை மேற்குப் பக்கம், பின்னேர வெய்யில் நேரே விழும். நான் யன்னலைப் பூட்டித் திரையை இழுத்துவிட்டேன். வெக்கை நாளில் அப்படிச் செய்யச் சொல்லித்தான் நகரசபையும் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறது. இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் பிடித்து நடக்கும் வோக்கர் இல்லாமல் கட்டிலை விட்டு எழும்ப மாட்டார். வோக்கரின் சில்லில் தூசி இருந்தது. வெளியே கொண்டுவந்து துடைத்தேன். திரும்பக் கொண்டுபோய் வைக்கவில்லை.

இப்போது கொப்பிக்கு வருகிறேன். அது உங்களிடம் இருக்கிறது. அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில் நேரம், அதற்குப் பக்கத்தில் இரண்டு நிரல் எண்கள். இடப்பக்கம் பாம்பின் குளிர்ந்த பக்கம், வலப்பக்கம் சூடான பக்கமா என்று கேட்டீர்கள். மயூரியின் முகத்தைப் பார்த்துவிட்டு நான் ஓம் என்று தலையாட்டினேன். அதைத் திருத்த விரும்புகிறேன். யூன் மாதமே விரிப்பைக் கழற்றிவிடுவேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்று முறுக்கின் பெட்டியில் சூடான பக்கம் என்று ஒன்று இருக்கவில்லை. சூடான பக்கத்தை அளக்கும், வெப்பமானியின் இரண்டாவது வயர் நீளமானது. மாமாவின் கட்டில் தலைமாடு வரைக்கும் போகும்.

இரண்டு அறைகளின் கதவுகளும் பக்கத்தில் பக்கத்தில். ஏசியை றொய்சனின் அறை வாசலுக்கு இழுத்து, அதன் குழாயோடு எட்டடிக் குழாயை ஒட்டி, மாமாவின் கதவை ஒரு சாண் திறந்து உள்ளே விட்டேன். இடைவெளியைக் குளியல் துவாய்களால் அடைத்தேன். சூட்டை எங்கேயாவது கொட்டத்தான் வேண்டும். ஒரு மணிக்கு இடப்பக்கம் இருபத்தாறு, வலப்பக்கம் முப்பத்திரண்டு தசம் எட்டு. இரண்டு மணிக்கு இருபத்தாறு, முப்பத்தாறு தசம் ஒன்று. மூன்று மணிக்கு இருபத்தாறு, முப்பத்தெட்டு. இடப்பக்கம் கடைசிவரை அசையவில்லை. அவ்வளவு ஒழுங்காக நான் ஒருநாளும் பிடித்ததில்லை.

நான் நடையில் ஒரு கதிரை போட்டு இருந்தேன். மூன்று மணிக்குக் கொஞ்சம் முதல் அவர் கூப்பிட்டார்.

"பிள்ளை, கொஞ்சம் தண்ணி தாவன்."

நான் போகவில்லை. மூன்றேகாலுக்கு பஸ்ரியனைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு றொய்சனைக் கூப்பிட்டார். கத்தவில்லை. பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுவது போல, சாதாரணமாக, "றொய்சன், எட றொய்சன்" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு என்ன உரிமை? துரத்திவிட்ட வாயால் கூப்பிடுகிறாரே. நான் எழும்பிப் போய் ஏசியை ஆகக்கூடிய வேகத்துக்குத் திருப்பினேன். வலப்பக்க நிரலில் மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் ஒரு பாய்ச்சல் இருக்கும், முப்பத்தெட்டில் இருந்து நாற்பத்தொன்றரைக்கு. மானி பழுது என்று நினைக்கவேண்டாம். காரணம் இதுதான்.

நாலு மணிக்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. ஐந்தரைக்கு உள்ளே போனேன். பதினெட்டு வருடம் இந்த வேலை செய்தவளுக்குத் தொட்டுப் பார்க்கவேண்டிய தேவை இல்லை, ஆனாலும் தொட்டேன். எட்டடிக் குழாயைக் கழற்றி, வெட்டி, குப்பைக் குழிக்குள் போட்டேன். ஏசியைப் பழைய இடத்தில் வைத்தேன். யன்னலைத் திறந்தேன். வோக்கரைக் கட்டிலோடு சாத்தினேன். ஆறு பத்துக்கு அம்புலன்ஸுக்கு அடித்தேன். ஏழு மணிக்கு, அவர்கள் வீட்டில் நின்றபோதே, முறுக்கின் மானியைப் படம் எடுத்து அனுப்பினேன். இருபத்தாறு. விரல் வந்தது.

வீட்டில் ஏசி இருக்கிறதே என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். மாமாவுக்கு ஏசி ஆகாது என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. மிச்சத்தை வாசலில் நின்ற றோசலின் அன்ரி சொன்னார். எலும்புக்குள் போகும் காற்று, ஊரில் ஆர் ஏசி பூட்டினது, எல்லாவற்றையும் மாமாவின் குரலிலேயே சொல்லிக் காட்டி அழுதார். செத்தவீட்டில் பாதர்கூட அவருடைய பிடிவாதத்தைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எனக்கு மூடவேண்டிய தேவையே வரவில்லை, ஊர் தானாகவே எனக்காகப் பேசியது.

றொய்சன் வந்தான். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதருக்காகக் குழறி அழுதான். அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய றோசலின் அன்ரியின் கைப்பேசியில் அவனும் மாமாவும் கதைத்துவந்திருக்கிறார்கள் என்று. இரண்டு வருடமாக. எனக்கு விரல், அவருக்குக் குரல்.

"அப்பப்பாதான் என்னைப் போகச் சொன்னவர்," என்று குசினியில் வைத்துச் சொன்னான். "அவர் இல்லாட்டி நான் இந்த வீட்டிலை செத்திருப்பன், அம்மா. ஐ மீன் இற்."

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. நான் நினைத்தது சரி என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது.

ஆனால் பிள்ளை தன்னையே குற்றம் சொல்லத் தொடங்கினான். "ஏசியை முறுக்குக்கு வைக்கச் சொன்னது நான். இல்லாட்டி ஹீட்வேவ் அண்டைக்கு அப்பப்பாவின்ரை ரூமிலை வைச்சிருப்பீங்கள். நான்தான் அவரைக் கொண்டனான்" என்றான். பாம்பைப் பார்க்கவே அவனால் முடியவில்லை. ஸ்டெபனி அஜாக்ஸிலிருந்து வந்து பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனாள். எந்தப் பக்கம் எத்தனை பாகை என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவன் திரும்பிப் போய் கைப்பேசி இலக்கத்தை மாற்றிவிட்டான். முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரவில்லை. காலையும் மாலையும் ஏழு மணிக்கு நான் கைப்பேசியைக் கையில் எடுப்பேன். படம் எடுக்க ஒன்றும் இல்லை.

அதனால்தான் நானாகவே உங்களிடம் வந்தேன். யாருமே சந்தேகப்படவில்லையே, ஏன் வந்தீர்கள் என்று கேட்டீர்கள். என் பிள்ளை செய்யாத ஒன்றைத் தன் தலையில் சுமக்கக் கூடாது. செய்தது நான். வெறும் கவனக்குறைவு இல்லை. குழாயை அளந்து வாங்கி, அறிந்து, தெரிந்து, மணிக்கு மணி எழுதிவைத்துக்கொண்டு, என் மாமா றொபேட்டை நான் கொன்றேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும். நீங்கள் பிடித்துத் தந்த சட்டத்தரணி, குற்றத்தை ஒத்துக்கொண்டால் வழக்கே நடக்காது, ஒரே நாளில் முடிந்துவிடும், யாரையும் சாட்சிக்குக் கூப்பிடத் தேவை இல்லை என்கிறார். நான் யோசித்துப் பார்த்தேன். இங்கே எழுதியது எல்லாம் உண்மை. ஆனால் கோர்ட்டில் நான் குற்றவாளி இல்லை என்றுதான் சொல்லப்போகிறேன். அப்போது வழக்கு நடக்கும். அந்தப் படங்கள் எல்லாம் யாருக்குப் போனது, ஏன் போனது என்று ஒருவர் கூண்டில் ஏறி, எனக்கு முன்னால் நின்று சொல்லத்தான் வேண்டும். கல்கரியில் அவன் வேலை செய்யும் இடத்து விலாசத்தை ஸ்டெபனியிடம் கேட்டால் தருவாள். சம்மன் போனால் வராமல் இருக்க முடியாதுதானே, ஐயா?